ஏழாவது உறை

இந்த மனிதரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டதில் ஆரம்பித்தால் அப்புறம் நல்லது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

அவர் எல்லை தாண்டும் பஸ்ஸின் ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக அதே தடம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு எல்லைச் சாவடி, அங்கே ஒரு மணி நேரம் வரிசை, மதியம் இரண்டுக்குப் பக்கத்து நாட்டின் பல்கலைக்கழக நகரம். அங்கே ஓட்டுநர்களுக்கென்று இருக்கும் அறையில் தங்கிவிட்டு மறுநாள் திரும்புவார். குடிக்க மாட்டார். ஹாரனை அநாவசியமாக அடிக்க மாட்டார். குறுக்கே வருகிற லாரிக்காரனைத் திட்டும்போதுகூட "என்னய்யா இது, நல்லா இருக்கா?" என்பதற்கு மேல் வாய் போகாது. ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது உறைகள்.

தபாலில் போட்டால் ஒரு கடிதம் எல்லையில் பத்து நாள் படுத்துத் தூங்கிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகும். அதனால் அவசரக் காகிதம் எதுவானாலும் ஜனங்கள் விடிகாலையில் பஸ் நிலையத்துக்கு ஓடிவந்து அவர் கையில் திணிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், எக்ஸ்ரே, வேலைக்கான கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்கலைக்கழக விண்ணப்பம். அந்தப் பல்கலைக்கழகம் பெரிய பிடிவாதக்கார இடம். உலகமே கைபேசிக்குள் போய்விட்ட பிறகும், விண்ணப்பம் ஒட்டி மூடிய உறையில்தான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது.

உறைகளை வாங்கி, இருக்கைக்கு மேலே உள்ள தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். தேதி, கொடுத்தவர், சேரவேண்டிய இடம், வாங்கியவர் கையெழுத்து அல்லது முத்திரை என்று நாலு கட்டம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து அந்தக் கட்டங்களுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பது அவருடைய ஒரே மகள். ஒரு நோட்டு தீரும் முன்பே அடுத்த நோட்டு கோடு போட்டுத் தயாராக இருக்கும். திரும்பி வந்ததும் அவர் முத்திரையைக் காட்ட, கொடுத்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அதனால் ஊரில் அவருக்கு 'லாக்கர்' என்றே பெயர். லாக்கர் அண்ணன், லாக்கர் வீடு, லாக்கர் பொண்ணு.

அதே தடத்தில் மாற்று நாளில் ஓட்டுகிற இன்னொருவர் உண்டு. அவருக்குப் பெயர் 'கொட்டாவி'. அவரிடம் யாரும் காகிதம் கொடுப்பதில்லை. ஒரு தடவை யாரோ கொடுத்த எக்ஸ்ரேயை வெயிலுக்கு மறைப்பாகக் கண்ணாடியில் செருகிவிட்டு, மூன்று வாரம் அந்த நோயாளியின் விலா எலும்பு வழியாகவே சாலையைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். லாக்கர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தினமும் பத்து மணிக்கு எல்லைச் சாவடியில், போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் சந்திக்கும்போது இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். அங்கேயும் அந்த எக்ஸ்ரே கதைதான்.

நல்லது இவ்வளவு. இனி மற்றது.

மகளுக்குச் செடி என்றால் உயிர். அழகுக்குப் பார்க்கிற பெண் இல்லை. இலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற பெண். எங்கேயாவது விருந்துக்குப் போனால், வாசலில் இருக்கிற தொட்டிச் செடிக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரண்டு வழி திறந்தது. வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் உள்ளூர்க் கல்லூரி. தாவரவியலில் இடம் கையிலேயே இருந்தது. இன்னொன்று பக்கத்து நாட்டுப் பல்கலைக்கழகம். செடிகளின் நோய்களுக்கென்றே அங்கே தனிப் படிப்பு. "உன் மார்க்குக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கிடைக்கும்" என்று பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார். ஆனால் விண்ணப்பத்திலேயே, கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று பிள்ளையும் பெற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் போவதா இருப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு வாரம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் "போறேன்" என்பாள், சாயங்காலம் "இங்கேயே இருந்துடறேம்மா" என்பாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ போ, இல்ல இரு. ஆனா இந்த வீட்டுல ஒரு வேளை நிம்மதியா சாப்பிட விடு" என்றாள். கடைசியில் ஒருநாள் காலை, அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்கதான் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் போயிட்டு வர்றீங்க. நீங்க சொல்லுங்க. போகவா, வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் சரி. நிஜமா சொல்றேன்."

அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருடமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் முதல் வருடம் வாராவாரம் பஸ் ஏறி ஊருக்கு வருவார்கள். இரண்டாம் வருடம் மாதம் ஒரு தடவை. மூன்றாம் வருடம் நீண்ட விடுமுறைக்கு மட்டும். அப்புறம் ஒருநாள் கையில் கல்யாணப் பத்திரிகையோடு, வேறு மாதிரிப் பேச்சோடு ஏறுவார்கள். அதற்கப்புறம் அவர்களைப் பெற்றவர்கள்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தன் மகள் எந்த இருக்கையில் உட்கார்ந்து எந்த வருடத்தில் குறைந்துபோவாள் என்று அவரால் கணக்காகச் சொல்ல முடியும். கூடவே இன்னொன்று. பஸ் நடை இல்லாத நாட்களில் காலை ஐந்து மணிக்கு அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க அவளை விட்டால் ஆளில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? நாற்பத்தொன்பது வயது ஆண், டீ குடிக்கத் துணை வேண்டும், நீ படிக்கப் போகாதே என்றா?

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? போ" என்றார். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் பஸ்ஸுல போய்ப் படிச்சு ஆளாகுது. என் பிள்ளை போகக் கூடாதா?"

சொல்லும்போது நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார். அந்த நெஞ்சை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

படிவத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணி. அன்று அவர் நடை. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏழு உறைகள். ஆறு ஊர்ப் பிள்ளைகளுடையது; அவற்றில் ஒன்று தையல்காரர் மகளுடையது. ஏழாவது அவருடைய மகளுடையது. ஆறையும் நோட்டில் எழுதினார். ஏழாவதை எழுதவில்லை. சொந்த வீட்டுக் காகிதத்துக்கு எதற்குப் பதிவு என்று சாதாரணமாகத்தான் நினைத்தார். அப்போது அவர் மனசில் கள்ளம் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

மூன்று மணிக்கு அலுவலகச் சன்னல் முன்னால் நின்றார். குமாஸ்தா அம்மாளுக்கு அவரை வருடக்கணக்காகத் தெரியும். அவர் ஒவ்வோர் உறையாக உள்ளே நீட்ட, அந்த அம்மாள் வாங்கி, எண் போட்டு, நோட்டில் முத்திரை குத்திக்கொண்டே வந்தார். ஆறு முடிந்தது. ஏழாவது உறை அவர் கையிலேயே இருந்தது. அந்தக் கை மேலே எழும்பவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் குமாஸ்தா அம்மாள்.

"அவ்வளவுதான்" என்றார் லாக்கர்.

வெளியே வந்து வராந்தாத் தூணடியில் நின்றார். நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. திரும்பிப் போய் "ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கொடுத்திருக்கலாம். ஐம்பது நிமிடமும் அங்கேயேதான் நின்றார். சன்னல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் பாவி மனிதருக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மகள் கேட்டாள். "குடுத்துட்டீங்களாப்பா?"

"குடுத்துட்டேன்."

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. கைபேசியில் மேலிருந்து கீழே நாலு தடவை விரலால் தள்ளிப் பார்த்தாள். தையல்காரர் மகளின் பெயர் இருந்தது. இவளைவிட முப்பது மார்க் குறைவான பெண். லாக்கர் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. மகள் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"அப்பா, அன்னிக்குத் தேதியில ஆறுதானே இருக்கு. என்னுது எங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பதில் மட்டும் டக்கென்று வந்தது. "நம்ம வீட்டுதுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

அவள் உடனே நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து அவரையே தேற்றினாள். "விடுங்கப்பா. என்கிட்ட ஏதோ குறை இருந்திருக்கும். நீங்க இப்படி ஆகாதீங்க." அடுத்த வாரமே உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நினைத்தது நடந்துவிட்டது அல்லவா? மகள் கூடவே இருந்தாள். காலைத் தேநீர் நின்றுபோகவில்லை. ஆனால் அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்கும்போதெல்லாம் அவர் சன்னலைப் பார்த்தார். யாராவது உறையை நீட்டி, "உங்க கையில குடுத்தா கடவுள் கையில குடுத்த மாதிரி" என்று சொன்னால் எரிந்து விழுந்தார். எல்லைச் சாவடியில் எக்ஸ்ரே கதையை நிறுத்திவிட்டார். கொட்டாவிக்கே ஒரு மாதிரியாகப் போய், "ஏண்ணே, என் மானத்தை வாங்கி நாளாச்சே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

ஏழாவது உறை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்குக் கீழே கிடந்தது. கிழித்துப் போட நாலைந்து தடவை எடுத்தார். கை வரவில்லை. பஸ்ஸை மாற்றியபோது கருவிப் பெட்டியோடு அதுவும் புதுப் பஸ்ஸுக்கு மாறியது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மகள் கல்லூரியில் நன்றாகத்தான் படித்தாள். முதல் ஆளாக வந்தாள். ஆனால் எதற்கும் பெயர் கொடுக்க மாட்டாள். கட்டுரைப் போட்டியா, வேண்டாம். வேறு ஊரில் பயிற்சியா, வேண்டாம். "நமக்கெல்லாம் கிடைக்காதும்மா" என்று சாதாரணமாகச் சொல்வாள். இலையைத் திருப்பிப் பார்த்து நோயின் பெயரைப் பட்டென்று சொன்ன பெண், "இதுவா இருக்கும்னு நினைக்கிறேன், சரியாத் தெரியல" என்று இழுக்க ஆரம்பித்தாள். அம்மா அதை வயதோடு வந்த அடக்கம் என்று நினைத்தாள். அப்பாவுக்குத் தெரியும்.

மூன்றாம் வருடக் கடைசியில் அவளுடைய பேராசிரியர் வீடு தேடி வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, அந்தப் பல்கலைக்கழகத்துல மேல்படிப்புக்கு ஆள் எடுக்கறாங்க. உங்க பொண்ணு மாதிரி ஒரு பிள்ளை எனக்குப் பத்து வருஷத்துல கிடைக்கல. போடு போடுன்னு ஒரு மாசமா கெஞ்சறேன். மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "வேண்டாம் சார். ஒரு தடவை வேண்டாம்னு சொன்ன இடம். என்னைவிட மார்க் கம்மியான பொண்ணை எடுத்தாங்க, என்னை எடுக்கல. அவங்களுக்குத் தெரியாதா? மறுபடியும் போய் வாசல்ல நின்னு வாங்கிக் கட்டிக்கணுமா? இங்கயே ஏதாவது பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்துட்டு இருந்துடறேன்."

பேராசிரியர் லாக்கரைப் பார்த்தார். லாக்கர் தரையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று வழியனுப்பிவிட்டு, அடுத்த நிமிடம் சட்டையை மாட்டிக்கொண்டு பணிமனைக்கு நடந்தார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியையும் மகளையும் பார்த்தபடி நின்றார். கையில் அந்த உறை. மூலையில் கிரீஸ் கறை படிந்திருந்தது.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் போக மாட்டாள். சொல்லிவிட்டால் அவர் முகத்திலேயே விழிக்க மாட்டாள். இரண்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அன்னிக்கு உன் கவரை நான் குடுக்கலம்மா."

"எந்தக் கவரை?"

உறையைச் சமையல் மேடையில் வைத்தார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வெங்காயக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், வீசி எறிவாள் என்று எதிர்பார்த்து நின்றவரிடம் அவள் கேட்டது வேறு.

"அப்ப அவங்க என்னை வேண்டாம்னு சொல்லலையா?"

"அவங்க உன்னைப் பாக்கவே இல்லம்மா."

"மூணு வருஷமா என் மூளையையே திட்டிக்கிட்டு இருந்தேனேப்பா!"

அதற்கப்புறம்தான் அழுதாள். அவர் பக்கத்தில் போகப் பார்த்தார். மனைவி குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். இடம் பறிபோனதற்குத்தான் இத்தனை நாள் அவர் தன்னைத் தானே கடித்துக் குதறிக்கொண்டிருந்தார். பறித்தது இடத்தை மட்டும் இல்லை என்பது அவள் வாயால் கேட்கும்போதுதான் முழுதாக உறைத்தது.

அழுது முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "உங்ககிட்டதானே வந்து உக்காந்து கேட்டேன். போகவா வேண்டாமான்னு. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே! சந்தோஷமா இருந்திருப்பேனே! எதுக்குப்பா போன்னு சொன்னீங்க?"

வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது ஒரு பதிலா?

ஒன்பது நாள் அந்த வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை. மனைவி தட்டை வைப்பாள், எடுப்பாள். காலைத் தேநீர் ஒரு டம்ளர் மட்டும் மேசையில் மூடி வைத்திருக்கும். நோட்டின் கோடு போட்ட பக்கங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. புது நோட்டு எதுவும் ஆணியில் தொங்கவில்லை. மகள் விண்ணப்பம் போட்டாளா, போடவில்லையா, அதுவும் தெரியவில்லை. கேட்க வாயும் இல்லை.

பத்தாம் நாள் அவர் அந்த ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். எல்லைச் சாவடியில் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். எதிர்த் திசைப் பஸ்ஸிலிருந்து கொட்டாவி இறங்கி, வழக்கமில்லாத சுறுசுறுப்போடு அவரை நோக்கி வந்தார்.

"அண்ணே, உங்க நோட்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு கவர் இருக்குண்ணே. யுனிவர்சிட்டிக்கு. சீல் வாங்கணுமாம். என்கிட்ட ஏது நோட்டு? உங்க நோட்டுல வாங்கிட்டு வரச் சொல்லிச்சு."

"யாரு சொல்லிச்சு?"

"உங்க பொண்ணுதான்!" கொட்டாவிக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த உறையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். "விடிகாலையில ஸ்டாண்டுக்கு வந்து குடுத்துச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அப்பா இருக்கும்போது என்கிட்ட ஏம்மான்னு கேட்டேன். 'அப்பாவுக்கு ஏகப்பட்ட கவர் சேருது மாமா, பாவம், அதான் உங்ககிட்ட'ன்னு சொல்லிச்சு. எவ்வளவு பாசம் பாருங்க."

லாக்கர் உறையைத் தொடவில்லை. ஊரே சிரிக்கிற கொட்டாவி கையில் கொடுக்கிற அளவுக்கு அவளுக்கு அப்பா மேல் நம்பிக்கை போய்விட்டது. அப்படியும் ஒருவரிடமும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரில் அவர் இன்னும் லாக்கர்தான். அந்தப் பெயரை அவளே பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பஸ்ஸில் ஏறி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கோடு போட்ட கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தேதி எழுதினார். கொடுத்தவர் என்ற கட்டத்தில் 'என் மகள்' என்று எழுதினார். சேரவேண்டிய இடத்தை எழுதினார். எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

"ஒரு வரி எழுத இவ்வளவு நேரமாண்ணே? வரிசை நகருது" என்று நோட்டை வாங்கிக்கொண்டார் கொட்டாவி. "வேற ஏதாவது இருக்கா? அவ்வளவுதானா?"

லாக்கருக்கு அந்தச் சன்னலும் குமாஸ்தா அம்மாளும் கண் முன்னால் வந்து நின்றார்கள். எழுந்து, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கொட்டாவியின் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார்.

"நாலு மணிக்குள்ள போயிடணும். சன்னல் கிட்ட நின்னு, உன் கையால உள்ள நீட்டி, இந்தக் கட்டத்துல சீல் வாங்கிட்டு வா. மறந்துடாதே. உன் கால்ல வேணும்னாலும் விழறேன், மறந்துடாதேப்பா."

"ஐயய்யோ, என்னண்ணே இது, கையை இறக்குங்க" என்று கொட்டாவி பதறினார். "ஒரு கவர்தானே? குடுக்காம எங்க போகப்போறேன்? கவரைக் குடுக்காம யாராவது திருப்பிக் கொண்டுவருவாங்களா?"

சிரித்துவிட்டுப் போய்ப் பஸ்ஸில் ஏறினார். உறையை மறுபடியும் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேலே பொத்தானைப் போட்டார்.